உறைந்த புழுக்கையில் முட்டை தேடாதீர்கள்

அவையை அடக்கி ஆளும் ஆற்றல் படைத்த, ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே! மேடைக்கு நடுவே மெத்தை நாற்காலியில் வீற்றிருக்கும் வனத்துறை அதிகாரி அவர்களே! மந்தையை மலைச்சரிவில் விட்டுவிட்டு, மனத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கும் மதிப்புக்குரிய பெரியோர்களே! பால் கறந்த கையின் ஈரம் காயுமுன் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பாசமிகு தாய்மார்களே! காற்றுக்காகத்தான் கதவோரம் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நழுவக் காத்திருக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்களுக்கெல்லாம் பூங்கொத்து கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, மறக்க மாட்டேன், அவ்வளவுதான்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கால்நடை மருத்துவம் படித்தேன், அதற்கு மேலும் ஒரு பட்டம் பெற்றேன். ஆனாலும் உங்கள் வாயில் எனக்குப் 'புழுக்கை டாக்டர்' என்றுதான் பெயர். இந்தச் சங்கக் கட்டடத்தின் பின்பக்கத்து அறையில், மான்களின் புழுக்கையைக் கரைத்து, அதில் புழு முட்டை எத்தனை என்று எண்ணுவது வனத்துறையில் என் வேலையாக இருந்தது. இன்று அந்த அறையைக் காலி செய்து, காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கான படக்கூடம் ஆக்கலாம் என்று ஒரு தீர்மானம் உங்கள் முன் வருகிறது. காரணம்? காட்டில் புழுவே இல்லையாம். அறை உங்கள் சங்கத்துடையது. அது இருக்கலாமா, போகலாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன்.

எதற்காக எண்ண வேண்டும்? நல்ல கேள்வி. உங்கள் ஆட்டுக்கு உடம்பு சரியில்லையென்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு வருவீர்கள். மான் வருமா? மருத்துவமனை வாசலில் டோக்கன் வாங்குமா? மனு எழுதுமா? 'மூன்று நாளாக மயக்கமாக இருக்கிறது ஐயா' என்று மன்றாடுமா? பிடித்துக் கட்டிப் பார்க்கலாம் என்றால், பிடித்த பயத்திலேயே பாதி செத்துவிடும். அது நமக்கு விட்டுப் போகும் ஒரே சேதி அந்தப் புழுக்கைதான்! அந்தச் சேதியைப் படிக்கத்தான் அந்த அறை!

அந்த மானின் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் புழுதான் உங்கள் ஆட்டின் இரைப்பையிலும் ஒட்டுகிறது. மான் போட்ட இடத்தில் புல் முளைக்கிறது, அந்தப் புல்லில் புழுக்குஞ்சு ஏறுகிறது, அந்தப் புல்லை உங்கள் ஆடு மேய்கிறது. உங்கள் ஆடு போட்ட இடத்தில் மறுபடி மான் மேய்கிறது. நமக்குத்தான் வேலி. புழுவுக்கு ஏது வேலி? முட்டை கூடுகிறது என்று அந்த அறை சொன்னபோதெல்லாம் நீங்கள் மந்தைக்கு மருந்து கொடுத்தீர்கள், மேற்குச் சரிவை ஓய விட்டீர்கள். ஆடும் பிழைத்தது, மானும் பிழைத்தது.

என்னம்மா? ஆமாம், அப்போது யாரும் எனக்கு மாலை போடவில்லை. நீங்களாவது கேட்டீர்களே.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. விடியும்போது மான் மந்தைக்குப் பின்னால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். கண்ணெதிரே போட்டதை, சூடு ஆறும் முன், மண்ணில் படாத மேல்பாகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். காற்றுப் புகாமல் பையில் கட்டி, குளிர்ச்சியில் வைக்க வேண்டும். குளிர்ச்சி என்றால் தயிர் வைக்கும் குளிர்ச்சி. ஐஸ் ஆகும் குளிர்ச்சி அல்ல. பிறகு உப்புக் கரைசலில் கரைத்தால் முட்டை மிதந்து மேலே வரும். நுண்ணோக்கியில் எண்ணலாம்.

நம் அதிகாரி அவர்கள் மாற்றலாகி வந்தார்கள். பெரிய ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். அங்கே மரபணு ஆராய்ச்சிக்கு எல்லாவற்றையும் உறைய வைப்பார்கள். அந்த வேலைக்கு அது சரியான முறைதான், அதை நான் மறுக்கவில்லை. வந்த வேகத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரீசர் வாங்கினார்.

"சார், இதுல வைக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்? கெட்டுப்போகாம இருக்குமே. மீன் வைக்கிறதில்லையா?"

"மீனை நாம திங்கிறோம் சார். இங்க முட்டைய எண்ணணும். உறைஞ்சா ஓடு வெடிச்சுடும்."

"டாக்டர், நீங்க படிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

நான் படித்து எத்தனை ஆண்டு ஆனால் என்ன? பனிக்கட்டியின் குணம் அதற்குள் மாறிவிட்டதா? ஆனால் அந்தக் கேள்விக்கு அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பேர் இங்கேயே இருக்கிறார்கள். அடுத்த வாரம் என்னைக் காட்டு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

ஃப்ரீசரில் மாதக்கணக்கில் உறைந்து கிடந்த புழுக்கையை எடுத்துக் கரைத்தார்கள். முட்டை தெரியவில்லை. தெரியாதே! 'புழுவற்ற காடு' என்று அறிக்கை போயிற்று, பாராட்டு வந்தது. மேற்குச் சரிவைத் திறந்துவிட்டார்கள். நீங்களும் நம்பி மேய்த்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

பிறகு ஓடைக்கரையில் மான் விழுந்தது. ஒன்று, அடுத்து ஒன்று. வறட்சி, பசி என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். வயிறு நிறையப் புல். பசியில் செத்த மானுக்கு வயிறு நிறையப் புல் எப்படி வரும்? தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தது. கீழிமையைத் திருப்பினால் ரத்தமே இல்லை, காகிதம்போல் வெளுப்பு. ரத்தம் குடிக்கும் புழுவின் வேலை. சொன்னேன். "டிக்கெட் கவுண்டர்ல ஆள் இல்லையாமே, யாரு பார்க்கிறா?" என்று பதில் வந்தது.

அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கும் அக்கா ஒரு நாள் அந்தக் கவுண்டருக்கு வந்தார். பின்னால் நீண்ட வரிசை. டிபன் பாக்ஸை என் முன்னால் திறந்து வைத்தார்.

"டிக்கெட் வேணாம் டாக்டரே. இதப் பாருங்க."

"என்னக்கா இது, நாலு பேர் நிக்கிற இடத்துல!"

"நீங்க பாக்காத புழுக்கையா? என் கெடாவுக்குத் தாடை தொங்குது."

பின்னால் நின்றவர், "சார், பிள்ளைங்க பசியில இருக்கு, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அப்புறம் பசியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அறைச் சாவி என்னிடம் இல்லை. வீட்டுச் சமையல் மேடையில் என் பழைய நுண்ணோக்கியை வைத்தேன். "இத இங்க வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார் என் மனைவி. "போறதுக்கு முன்னால உப்பு டப்பா எங்கன்னு சொல்லிட்டுப் போ" என்றேன். அவர் போகவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. கெடாவின் புழுக்கையில் முட்டை மொய்த்துக் கிடந்தது. மருந்து கொடுத்தோம், தாமதமாகிவிட்டது. கெடா போய்விட்டது. அக்காவின் மிச்ச மந்தை இன்றும் அதே சரிவில்தான் நிற்கிறது. அவரிடம் சரிவுக்குப் போ, போகாதே என்று சொல்ல ஓர் அறை இருக்கிறது, அதைத்தான் மூடப் போகிறோம்.

"ஆதாரம் எங்கே?" என்கிறாரே, யார் அது? செயலாளரா? கடிகாரத்தை விட்டு இங்கே பார்த்ததற்கு நன்றி. அந்த மேசையில் இரண்டு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. சென்ற வாரம் ஒரே மான், ஒரே நேரத்தில் போட்ட புழுக்கையைத் தலைவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி தலைவர் வீட்டு ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில். தலைவர் வீட்டு அம்மா என்னை மன்னிக்க வேண்டும். மறு பாதி அதிகாரியின் ஃப்ரீசரில். இரண்டையும் இன்று காலை கரைத்தோம்.

அக்கா, நீங்கள் முதலில் வாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என்ன தெரிகிறது? மைக்கில் சொல்லுங்கள். "அரிசியைக் கொட்டின மாதிரி கிடக்கு" என்கிறார். அடுத்தது? "இதுல ஒண்ணையும் காணோமே, ஏதோ கிழிஞ்ச தோல் மாதிரி இருக்கு." சரி, உட்காருங்கள்.

அதிகாரி அவர்களே, நீங்கள் வரவேண்டும். தயங்க வேண்டாம். எனக்காக வரவேண்டாம், அந்த மேசைக்காக வாருங்கள்.

பார்க்கிறார். திருகைத் திருப்புகிறார், பழகிய கை. அடுத்ததைப் பார்க்கிறார். மறுபடி முதலாவதற்கு வருகிறார். சத்தம் போடாதீர்கள் தம்பி, பார்க்க விடுங்கள். என்னிடம் ஏதோ கேட்கிறார். மைக்கில் கேளுங்கள், ஐயா.

"அப்போ போன வருஷம் எடுத்தது எல்லாமே?" என்று கேட்கிறார்.

எல்லாமேதான், ஐயா. அந்தப் பெட்டிக்குள் இருப்பது அத்தனையும்.

கை தட்டாதீர்கள். இதற்குத் தட்ட வேண்டாம். இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருந்தால் ஓடைக்கரை வெறும் ஓடைக்கரையாகவே இருந்திருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் என் கோபம் புழுவுக்குத் தெரியுமா? அவருடைய பதவி புழுவுக்குத் தெரியுமா? உங்கள் தீர்மானம்தான் புழுவுக்குத் தெரியுமா? பார்க்காவிட்டாலும் அது பெருகும்! பாராட்டினாலும் பெருகும்! படக்கூடம் கட்டினாலும் பெருகும்! எண்ணுகிற கண் ஒன்று எந்நாளும் திறந்திருந்தால்தான் அது அடங்கும்! அந்தக் கண்ணை மூடலாமா? மூடலாமா?

அறை இருக்க வேண்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள். தலைவரே, எண்ணிக்கொள்ளுங்கள். தாய்மார்கள் எல்லோரும். பெரியோர்கள் எல்லோரும். கதவோரத் தம்பிகள் உள்ளே வந்து உயர்த்துங்கள். செயலாளர், கடிகாரம் கட்டிய கையானாலும் சரி.

அதிகாரியும் உயர்த்துகிறார். அதையும் சேர்த்து எண்ணுங்கள், தலைவரே. ஒரு கை என்றால் ஒரு கைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாளை விடியலில் மான் மந்தை ஓடைப் பக்கம் இறங்கும். சரிவுக்கு இப்போது போகலாமா என்பதை நாளை மாலைக்குள் எண்ணிச் சொல்கிறேன், அதுவரை ஆட்டைப் பட்டியிலேயே வையுங்கள். என்னோடு வர விரும்புகிறவர் யாராயினும், எந்தப் பதவியில் இருப்பவராயினும், வாசனை பூசிக்கொள்ளாமல் வாருங்கள். மான் ஓடிவிடும்.

கேட்ட செவிகளுக்கு நன்றி, உயர்ந்த கைகளுக்கு வணக்கம்.