நாற்பத்தோராவது குப்பி

— "பாகு காய்ச்சவா உன்னை லேபுக்குள்ள விட்டேன்?"னு பன்னிரண்டு பேர் முன்னாடி என்னைக் கேட்டீங்க. ஏழு வருஷம் ஆச்சு அத்தான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் என்கிட்ட வாயைத் திறக்கிறீங்க. உக்காருங்க.

— உக்காந்து பேச நான் ஒண்ணும் சம்பந்தம் பேச வரலை. நாப்பத்தொண்ணாம் நம்பர் குப்பி எங்கே?

— உள்ளே இருக்கு. பர்ஸை மட்டும் இந்த மேஜை மேல வெச்சிடுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினோட பெரிய காந்தம்.

— எனக்கே காந்தம் சொல்லிக் குடுக்கிறியா? நீ பாவாடை சட்டை போட்டுட்டுத் திரிஞ்ச காலத்துலயே இந்த மெஷினை ஓட்டினவன் நான்.

— அதுக்கில்லை. கார்டு அழிஞ்சு போச்சுன்னா அக்கா என்னைத்தான் சொல்லுவா. எது கெட்டாலும் என் பேர்தானே முதல்ல வருது.

— குட்டி, வளவளன்னு பேசாதே. நாப்பது குப்பிக்கு ரிசல்ட் நேத்தே போயிடுச்சாம். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கின்னு தடுப்பூசிக் கமிட்டியில சொன்னாங்க. அது எப்படி, எங்களோடது மட்டும் பாக்கி நிக்குது?

— உங்களோடதா? குப்பியில நம்பர்தான் ஒட்டியிருக்கும். எந்த லேபோடதுன்னு எங்களுக்குச் சொல்லமாட்டாங்க.

— நடிக்காதே. அஞ்சு வருஷம் அதே சர்க்கரையோட குப்பை கொட்டினவ நீ. பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். கையில வெச்சுக்கிட்டு என்னை வேடிக்கை பார்க்கிறே.

— குப்பைதான் கொட்டினேன். ஊசிக்கு, கிருமி மேல இருக்கிற மாதிரியே ரெண்டு சர்க்கரையைக் கோக்கணும். கோக்கிற இணைப்பு கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கணும், அது ஆல்ஃபா. எனக்கு ஒவ்வொரு தடவையும் மேல பார்த்தே வந்துச்சு, பீட்டா. வந்ததை வந்தபடி நோட்டுல எழுதினேன். நீங்க என்ன சொன்னீங்க? இவளுக்குக் கை சுத்தம் இல்லை, ஈரத்தை உள்ள விட்டுட்டா, என் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டான்னு. அதையே அக்காகிட்டயும் போய்ச் சொன்னீங்க. அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவதான் அவ.

— உனக்கப்புறம் வந்த மாணவன் மூணே மாசத்துல ஆல்ஃபா பண்ணிக் காட்டினானே.

— எப்படி வந்துச்சுன்னு அவனைக் கேட்டீங்களா?

— கேட்கணும்னு தோணலை. அவன் கை ராசி.

— கெமிஸ்ட்ரியில கை ராசின்னு உங்க வாயால கேட்கவும் எனக்குக் கொடுத்து வெச்சிருக்கு.

— கிண்டல் போதும். நீ என்ன எழுதப் போறேன்னு எனக்குத் தெரியும்.

— எனக்கே இன்னும் தெரியாது அத்தான்.

— பழி வாங்கணும்னா இதை விட நல்ல நேரம் உனக்கு அமையாது. அடுத்த மாசம் இருநூறு குழந்தைங்களுக்கு அந்த ஊசியைப் போடப் போறாங்க. இப்பப் போய் ஒரு மெஷின் ஆபரேட்டர் பீட்டான்னு ஒரு வரி எழுதினா, என் பதினஞ்சு வருஷ உழைப்பு குப்பைத் தொட்டிக்குப் போகும்.

— பீட்டாவா இருந்தா அந்த ஊசி அந்தக் குழந்தைங்களைக் காப்பாத்துமா?

— கெடுதல் பண்ணாது.

— நான் அதைக் கேட்கலை.

— சரி, காப்பாத்தாது. இணைப்பு மாறிப்போனா அது எந்தக் கிருமியோட சர்க்கரைன்னு உடம்புக்கு அடையாளம் தெரியாது. தண்ணியை ஏத்தின மாதிரி. ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது. நீ ரெண்டே வரி எழுது. குப்பியில ஈரம் பட்டுடுச்சு, வேற சாம்பிள் அனுப்பணும். அவ்வளவுதான்.

— வேற அனுப்பினா மட்டும் இணைப்பு திரும்பிக்குமா?

— அதை நான் பார்த்துக்கிறேன். நீ எழுதினா இன்னைக்கு சாயங்காலமே உங்க அக்கா உனக்கு போன் பண்ணுவா. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— அந்த ஒரு வார்த்தை ஏழு வருஷமா உங்க வாய்க்குள்ளயேதான் இருந்துச்சா? அவளுக்குப் பொண்ணு பிறந்ததையே மூணாம் மனுஷங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பள்ளிக்கூடம் போறாளாமே. அந்த இருநூறு பேர்ல அவளும் உண்டா?

— அவளை எதுக்கு இதுல இழுக்கிறே?

— உண்டா, இல்லையா?

— இல்லை.

— பேர் குடுக்க மறந்துட்டீங்களா?

— குடுக்கலை. போதுமா? கமிட்டி ஆள் எங்க அலமாரியைத் திறந்து அவனே குப்பியை எடுத்து, நம்பர் ஒட்டி சீல் வெச்சுக்கிட்டுப் போனான். அன்னைக்கே மிச்சத்தை நான் தனியா உக்காந்து எங்க மெஷின்ல ஓட்டினேன். ஆல்ஃபான்னா மெஷின் போடுற ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இடைவெளி நாலு இருக்கணும். எட்டு இருந்துச்சு. மூணு தடவை ஓட்டினேன், மூணு தடவையும் எட்டு. உன் நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் எழுதி வெச்சிருந்தியே, அதே எட்டு. இதை என் வாயால சொல்ல வைக்கத்தானே ஒரு நாளா ரிசல்ட்டை அமுக்கி வெச்சிருக்கே?

— மேடம், உள்ள வரலாமா? நேத்து மெஷின் ட்ரேல நாப்பது குழியும் நிறைஞ்சுபோய் ஒரு குப்பி தங்கிடுச்சுல்ல, அந்த நாப்பத்தொண்ணு? சீல்கூட உடைக்காம அப்படியே கிடக்கு. இப்ப ஓட்டிடட்டுமா, இல்ல சாப்பிட்டு வந்து ஓட்டலாமா?

— இப்பவே ஓட்டுங்க. அத்தான், நீங்களும் இருந்து பார்த்துட்டே... அத்தான்?

— அவரு படியிறங்கிட்டாரு மேடம். நான் வணக்கம் சொன்னேன், ஒரு வார்த்தை பேசலை.