கேட்காமல் நடந்த இருபது வருடம்

— வக்கீல் மாதிரி மறுபடியும் கேக்கறேன், நேரா பதில் சொல்லு. மிஸ்டர் டெஸ்மண்ட் டிட்மார்ஷ், வெதர்கோட் எஸ்டேட்டோட மேட்டுப் புல்வெளியில நீங்க எத்தனை வருஷமா நடக்கறீங்க?

— தெல்மா, கொஞ்சம் நிறுத்து. டீ போடட்டுமா?

— இதோட நாலாவது டீ. அந்தக் கெட்டிலைக் கீழ வை. விசாரணை பத்து மணிக்கு, இப்ப ஒன்பதே முக்கால். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சர்ச் ஹால்ல எஸ்டேட் வக்கீல் வந்து உக்காந்தாச்சு. நீதான் ஊருக்கு முதல் சாட்சி.

— தெரியும். அதான் கெட்டிலைக் கீழ வைக்க மனசு வரல.

— எத்தனை வருஷம்?

— இருபத்தெட்டு. நாய் இருந்தப்ப தினம் ரெண்டு வேளை. நாய் போனப்புறம் ஒரு வேளை.

— பேஷ். நாயை விட்டுடாத. வேற என்ன நடக்கும் அங்க?

— ஈஸ்டர் திங்கக்கிழமை பிள்ளைங்க விளையாட்டா வேகவெச்ச முட்டையைச் சரிவுல உருட்டுவாங்க. பனி விழுந்தா டீத்தட்டு மேல உக்காந்து சறுக்குவாங்க. உன் பையன் கெவின் பல்லை உடைச்சுக்கிட்டது கூட...

— பல்லு வேணாம். ஆபத்தான இடம்னு வக்கீல் குறிச்சுக்குவான். அடுத்த கேள்வி, நம்ம உயிரே இதுலதான் இருக்கு. அங்க போக வர யார்கிட்டயாவது அனுமதி கேட்டீங்களா?

— இந்தக் கிச்சன்ல சர்க்கரையை எங்கதான் வைக்கறாங்க?

— டெஸ்மண்ட்!

— தப்பா எடுத்துக்காத தெல்மா, இது என்ன சட்டம்? கேட்டுட்டு நடந்தவன் விருந்தாளி, கேக்காம நடந்தவன் உரிமைக்காரன். மரியாதை தெரியாதவனுக்குப் பரிசா?

— சட்டத்தை நானா எழுதினேன்? ஊர் ஜனம் இருபது வருஷம் யாரையும் கேக்காம, வேலியை உடைக்காம, ஒளிஞ்சு மறையாம ஒரு இடத்துல புழங்கினா அது ஊர்ப் புல்வெளி. அப்புறம் அதுல ஒரு செங்கல் வைக்க முடியாது. பர்மிங்ஹாம் நகரம் ஊதிக்கிட்டே இங்க வந்துடக் கூடாதுன்னுதான் இதை வீடு கட்டக் கூடாத பசுமை வளையத்துல சேத்தாங்க. ஐம்பது வருஷம் காப்பாத்தின நிலத்தை, ஒரே கூட்டத்துல கவுன்சில் வரைபடத்துக் கோட்டை மாத்திப் போட்டு வெளியே தள்ளிடுச்சு. ஐநூறு பேர் ஆட்சேபக் கடிதம் எழுதினோம், காத்துல போச்சு. மிச்சம் இருக்கறது இந்த ஒரு வழிதான்.

— தெரியும் தெல்மா.

— என்ன தெரியும்? எஸ்டேட் பெரியவர் சர் ஆல்டஸ் கண்ணை மூடினதும் மகன் நூத்தி நாப்பது வீடு கட்டப் பேசி முடிச்சுட்டான். முந்நூறு வருஷத்து ஓக் மரம் வேர்க்கடலைச் செடியா அவனுக்கு? வீடு வீடா ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு. அந்தச் சரிவுல சிமெண்ட் லாரி நிக்கறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, சொல்லிட்டேன். அனுமதி கேட்டீங்களா? "இல்லைங்க ஐயா." அவ்வளவுதான். எங்க, சொல்லு பாப்போம்.

— தொண்ணூத்தாறுல கேட்டேன்.

— மெதுவாப் பேசு.

— முட்டை உருட்டற அன்னிக்கு டீ மேசை போடணும்னாங்க. அடுத்தவங்க நிலத்துல ஒரு வார்த்தை கேக்காம எப்படி மேசை போடறதுன்னு பெரியவருக்கு எழுதினேன். "ஊர்க்காரங்க எப்ப வேணா தாராளமா வந்து போகலாம், என் அனுமதி உண்டு"ன்னு கையெழுத்துப் போட்டு பதில் வந்தது.

— கதவுல இடிச்சுக்கிட்டா கதவுகிட்டயே மன்னிப்பு கேக்கற ஆளு நீ. கேக்காம இருப்பியா? பதிமூணு வருஷமாச்சே, நீ மறந்து தொலைச்சிருப்பன்னு நம்பிட்டு இருந்தேன்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— பத்தொம்பது வருஷம் எஸ்டேட் ஆபீஸ்ல டைப் அடிச்சது யாரு, உங்க அத்தையா? அந்தப் பதிலை அடிச்சதே நான்தான்.

— அப்ப ஃபைல்ல நகல் இருக்குமே.

— இல்ல.

— எப்படி இல்லாமப் போகும்?

— வேலி முளையில வீடு கட்டற நோட்டீஸைக் கட்டின வாரம்தான் எனக்கு வேலையில கடைசி வாரம். உன் லெட்டரையும் பதிலோட நகலையும் உருவிக் கைப்பையில போட்டேன். வீட்டுக்கு வந்து கணப்புல போட்டேன். சாம்பலாகற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.

— அது திருட்டு தெல்மா.

— திருட்டுதான். திருடி எனக்குன்னா வெச்சுக்கிட்டேன்? ஊருக்காகப் பண்ணினேன். கழுவின கப்பையே கழுவாம இப்படி வா. இனி உலகத்துல மிச்சம் இருக்கறது உன்கிட்ட இருக்கற அந்த ஒரு தாள். எங்க அது? கோட்டுப் பையிலயா? எடு.

— இல்ல.

— வீட்டுலயா? ஏன்யா இப்படி முழிக்கற?

— காலைல எட்டரைக்கே விசாரணை அதிகாரிகிட்ட கொடுத்துட்டேன். நேத்து நீ சட்டத்தைப் படிச்சுக் காட்டினப்பதான் எனக்கு உறைச்சது. உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன், நீ வாயைத் திறக்க விட்டாத்தானே?

— குடியைக் கெடுத்தியே பாவி! முதல்ல என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?

— சொல்லியிருந்தா நீ கொடுக்க விட்டிருக்க மாட்ட. எனக்கு மட்டும் அந்தப் புல்லு வேணாமா? கொடுத்துட்டு வெளியே வந்து அழுதேன் தெல்மா. பொய் சொல்லி வாங்கின புல்வெளியில எப்படி நடப்பேன்?

— அவங்க என்ன சொன்னாங்க?

— எஸ்டேட் வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. தபால் ரெஜிஸ்டர்ல அந்தக் கடிதத்தோட நம்பர் இருக்காம். ஃபைல்ல மட்டும் தாள் இல்லையாம். யாரோ கிழிச்சு எடுத்திருக்காங்க, கண்டுபிடிச்சே ஆகணும்னு வக்கீல் குதிக்கறாரு. யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு அதிகாரி என்னைக் கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— தெரியாதுன்னு சொன்னேன்.

— கதவைத் திறக்கலாமா? விசாரணை அதிகாரி அனுப்பினாரு. மிஸ்டர் டிட்மார்ஷ் இருக்கீங்களா? உள்ள கூப்பிடறாங்க, வாங்க.

— இருய்யா, போகாத. டெஸ்மண்ட்... உள்ள வெச்சு மறுபடியும் கேட்டா?

— காலைல தெரியாதுன்னு சொன்னப்ப, அது உண்மை தெல்மா.