முப்பத்தேழு டிகிரி

இல்லண்ணே, ரிப்பேர் பாக்க வந்த நீங்களே இந்தச் சூட்டுப் பொட்டி வெளிய காட்டுற நம்பர நம்பாதீங்க. அது முப்பத்தேழுன்னு சத்தியம் பண்ணும், உள்ள நாப்பத்தஞ்சு கொதிச்சுக்கிட்டிருக்கும். போன வாரம் அப்படித்தான் என் கழுத்த அறுத்துச்சு. தெர்மாமீட்டர உள்ள வச்சே பாருங்க. இன்னிக்குச் சோதனைத் தட்ட உள்ள வச்சே ஆகணும், டாக்டர் ஒருத்தர் பதில் கேட்டுக்கிட்டே இருக்காரு.

என்ன வாடையா? ஈஸ்ட்ண்ணே. ரொட்டி உப்புறதுக்குப் போடுவாங்கல்ல, அதேதான். சிரிக்காதீங்க, இத வளக்கத்தான் இவ்வளவு படிப்பு. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவாரு. இப்பல்லாம் அந்தப் பேச்சையே எடுக்கிறதில்ல.

என்னத்த ஆராயுறேனா? செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பைங்க சரக்கு ஏத்திக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும். அத ஓட வைக்க ஒரு ஜீன் இருக்கு. மொத்தமா எடுத்துட்டா செல்லு செத்துடும், செத்தத வச்சு என்னத்தப் படிக்கிறது? அதனால அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்த மட்டும் மாத்துவோம். சாதாரணமா நல்லாத்தான் இருக்கும், ஒரு கொறையும் தெரியாது. சூடு ஏறினா போச்சு, ஈஸ்டுக்கு முப்பத்தேழே ஜுரம் மாதிரி. சரக்கெல்லாம் போய்ச் சேராம உள்ளேயே குவிஞ்சு, அப்படியே படுத்துடும்.

நான் வச்சிருக்கிறது புது மாத்தம், அது படுக்குமா தாங்குமான்னு யாருக்கும் தெரியாது. போன வாரம் மாத்தினதையும் மாத்தாததையும் ஒரே தட்டுல வச்சேன். மாத்தினது மட்டும் செத்தா, குத்தம் அந்த எழுத்து மேல. காலைல வந்து தெறக்குறேன், ரெண்டுமே காலி. எல்லாம் இந்தப் பொட்டி பண்ணின கூத்து. எங்க புரொபசர் குதிகுதின்னு குதிச்சாரு.

எனக்குக் கோவமா? அட நீங்க வேற. அப்பாடான்னு இருந்துச்சுண்ணே. வெக்கத்த விட்டுச் சொல்றேன், பாத்ரூம்ல போய் அழுதேன், அவ்வளவு நிம்மதி.

ஆமா, வேல கெட்டதுக்குத்தான் நிம்மதி. அந்த மாத்தம் எம் பொண்ணு ரத்தத்துல பாத்ததுண்ணே. நமக்கும் இந்த ஈஸ்டுக்கும் அந்த ஜீன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதான் அப்படியே இதுல வச்சிருக்கேன். அவளுக்கு ஜுரம் வந்தா ஈரல் நின்னுபோகுது. ரெண்டு தடவ ஐசியூவுல கெடந்து பொழச்சா. இதாலதானான்னு தெரிஞ்சாதான் அடுத்த ஜுரத்துக்கு என்ன பண்றதுன்னு அந்த டாக்டரால சொல்ல முடியும். எனக்கும் புரியுது, தெரிஞ்சே ஆகணும்.

என்னது, சரியாயிடுச்சா? முப்பத்தேழுலயே நிக்குதா?

இன்னொரு தடவ பாத்துடுங்கண்ணே. மெதுவாவே பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல.