காலுக்கடியில் இருந்த பிளக்

எனக்குக் கணினியைத் துடைப்பது பிடிக்கும். மூக்குக்கண்ணாடி வாங்கினால் ஒரு மெல்லிய துணி தருவார்களே, அதைக் கணினிக்கென்று ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்கிறவன் நான். "அதையே கட்டிக்கிட்டிருக்கலாமே, என்னை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?" என்று என் மனைவி கேட்பாள். விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்பதையெல்லாம்விட அதுதான் கஷ்டமான கேள்வி.

எங்கள் அலுவலகம் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறது. என்னுடையது நரம்பு வழியாக ஏற்றும் டிரிப்ஸ் மருந்தின் கணக்கு. நர்ஸ் நோயாளியின் எடையைத் தட்டினால், மருந்து எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று என் புரோகிராம் சொல்லும். டிரிப்ஸோடு இணைத்த பம்பு அதன்படி இறக்கும். எல்லாவற்றையும் என் மேசைக் கணினியிலேயே எழுதினேன். கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன் என்று பீற்றிக்கொள்வேன். கண்ணைத் திறந்தாலும் அதில் ஒன்றும் தெரியாது என்பதைச் சொல்லமாட்டேன்.

பிறகு எல்லோரும் பிரவுசரில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணினியில் எதையும் ஏற்றி வைக்கத் தேவையில்லை. மெயில் பார்ப்பதுபோலத் திறந்தால் போதும். எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கும். யார் திறந்தாலும் ஒரே மாதிரி, ஒவ்வொரு தடவையும் பழசு எதுவும் ஒட்டாமல் புதிதாக இருக்கும். இதைக் கொண்டுவந்தவள், எங்கள் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். 'ஏன் மேடம்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"நெட்டு போச்சுன்னா எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்" என்று டீ நேரத்தில் எல்லோரையும் எச்சரித்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெட்டும் போகவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அனுபவசாலி ஒருவன் இவ்வளவு தூரம் சொன்ன பிறகு, மரியாதைக்காவது அது ஒருமுறை போயிருக்க வேண்டாமா?

எங்கள் பகுதிக்கு நெட் தரும் பெட்டியின் பிளக் என் மேசைக்கடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலால் ஒரு நெம்பு நெம்பினால் போதும். எல்லோருடைய திரையிலும் வட்டம் சுற்றும். உத்தரவை மீறி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருந்த என் கணினி மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "அடடா, மறுபடியுமா?" என்று முதலில் அனுதாபப்படுவதும் நானே. டாக்டர் என்னை உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார். நான் செய்தது இது ஒன்றுதான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் ஏன் மேடம் என் இடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, எடைக் கட்டத்தைக் காலியா விட்டா உங்க மெஷின்ல என்ன ஆகுது?"

"நின்னுடும். எடை எவ்வளவுன்னு கேக்கும்."

"பிரவுசர்ல நிக்கமாட்டேங்குது. அந்த பெட்ல முன்னாடி இருந்தவரோட எடைய எடுத்துக்கிட்டு ஓடுது. ஏன்?"

"அத உன் பிரவுசரக் கேளும்மா. என் மெஷின்ல சரியாத்தான் ஓடுது."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் மேலாளருக்கே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் தேடினேன். சீக்கிரமே கிடைத்துவிட்டது. எடை இல்லாவிட்டால் நிற்க வேண்டும் என்ற கட்டளை, எப்போதோ நான் போட்டுவைத்த ஒரு பழைய செட்டிங் ஃபைலில் இருந்தது. அந்த ஃபைல் என் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. பிரவுசரில் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இருக்காது. புரோகிராமிலேயே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. சேர்த்திருந்தால் அவள் கேட்டது சரியென்று ஆகியிருக்கும். நான் சேர்க்கவில்லை.

மறுநாள் மேலாளர் அவள் மேசைக்கு வந்து நின்றார். அது என் மேசைக்கு அடுத்தது. எடைக் கட்டத்தைக் காலியாக விட்டு அவள் பட்டனை அழுத்தப் போனாள். என் பெருவிரல் அதன் வேலையைச் செய்தது. வட்டம் சுற்றியது. நெட் வந்தது, மறுபடியும் போனது.

"இத நம்பியா ஆஸ்பத்திரிக்கு வேலை பாக்குறோம்?" என்றார் மேலாளர்.

"ஒரு நிமிஷம் சார், இப்ப வந்துரும் சார்."

"போதும்மா."

அவள் கண் கலங்கியது. "விடும்மா, நெட்டு யாரு சொன்னா கேக்கும்?" என்று நான் தேற்றினேன். பிரவுசர் வேலையை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் அவளையும் நிறுத்தினார்கள். போகும்போதுகூட என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்த எடைக் கட்டத்த மட்டும் பாத்துருங்க." பார்க்கிறேன் என்றேன்.

மறந்துபோய்விட்டது என்று முதல் விசாரணையில் சொன்னேன் அல்லவா, அது பொய். அவள் போன கையோடு திருத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன். புரோகிராம் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனது.

அங்கே ஒரு படுக்கையில் முதலில் இருந்தவர் ஒரு லாரி டிரைவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் குணமாகிப் போனதும் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். வலிப்பு, அவசரம். நர்ஸ் எடையைப் போடவில்லை. புரோகிராம் நிற்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. லாரி டிரைவருக்குரிய வேகத்தில் மருந்து ஏறியது. குழந்தை பிழைக்கவில்லை.

நர்ஸ்மேல் வழக்கு வேண்டாம். அவள் போன பிறகு இப்படி நடக்கும் என்று தெரிந்து அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான், தெரிந்தேதான் விட்டேன். அந்தக் குழந்தையின் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று உங்கள் ஆட்கள் முன்னால் என் கணினியில் ஓட்டிக் காட்டினேன். எடையைக் காலியாக விட்டேன். டக்கென்று நின்று, எடை எவ்வளவு என்று கேட்டது. நீங்களும் பார்த்தீர்கள். சாட்சிக்கு எடுத்துப்போகும்போது கொஞ்சம் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள். திரையில் கை பட்டால் தடம் விழும். துணியை மடித்து மேலேயே வைத்திருக்கிறேன். பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.