சந்தனம் வச்ச இடம்

எனக்குத் தண்ணியெல்லாம் வேண்டாமுங்க மேடம், எம் புள்ளை இவளுக்கு மட்டும் ஒரு வாய் குடுத்தாப் போதும். நீங்க கொள்ளேகாலம், தமிழ் பேசுவீங்கன்னு முன்னயே தெரிஞ்சிருந்தா வாசல்ல ஒரு மணி நேரம் நின்னிருக்க மாட்டனுங்க. கன்னடத்துல எனக்குக் காய் வாங்க வரும், பஸ்ஸு ஏற வரும். போலீஸுகிட்டப் பேசற அளவுக்கு வராதுங்க. தமிழ்லயே நான் வாயத் தொறக்காதவ. எங்க லைன் வீட்டுல வந்து கேட்டீங்கன்னா, ஜோதிமணிக்குப் பேச வருமான்னு அவங்க உங்களத் திருப்பிக் கேப்பாங்க.

எழுதிக்கறீங்களா, சரிங்க. ஊரு ஹனூருப் பக்கம். இப்ப இங்க மைசூரு ஹெப்பாள்ல இருக்கறம். படிப்பு ஏழாவது. கார்டு என்னுது இல்லைங்க, எங்கூட்டுக்காரரோடது. அவரு பேருங்களா? அது வந்துங்க, கார்டுலயே இருக்குது, நீங்களே படிச்சுக்கோங்க. இருங்க, பிரிச்சுத் தர்றேன்.

இது ஃபாயில் பேப்பருங்க, சப்பாத்தி சுத்தறது. சிரிக்காதீங்க. கார்டத் தொடாமயே பக்கத்துல வந்து நின்னு பணத்த உருவற திருடன் இருக்கறானாம், ஃபாயில் சுத்துனா அவனால முடியாதாம். ஃபோன்ல பார்த்தாரு. வீட்டுல இருந்த ஒரு சுருளும் கார்டுக்கே போயிருச்சு. டூருக்கு நான் சப்பாத்திய நியூஸ் பேப்பர்ல கட்டிட்டுப் போனேன்.

ஆமாங்க, ரத்தினவேல். அவரேதான். பேரு பளிச்சுன்னு தெரியுதுங்களா? அந்தப் பேருலதான் எல்லாமே ஆரம்பிச்சுது.

அவரு வரமாட்டாருங்க. ரெண்டாவது ஷிஃப்டு. ஷிஃப்டு இல்லாட்டியும் வரமாட்டாரு. ஃபாக்டரியில நூத்தம்பது பேருக்கு கார்டுப் பாதுகாப்புப் பத்தி கிளாஸ் எடுத்தவரு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவாருங்க? நான் குடுத்தா வாங்கிக்குவீங்களா? அவரு கையெழுத்து வேணுமுன்னா நாளான்னிக்கு இழுத்துட்டு வர்றேன். ஆனா எழுதிக் குடுத்ததுக்கு ஒரு காயிதம் இன்னைக்கே வேணுமுங்க. கார்டுல திருட்டுப் போன நாப்பத்தெட்டாயிரத்துக்குப் போலீஸ் காயிதம் மூணு நாளைக்குள்ள வரோணும்னு பாங்க்குல சொன்னாங்க, அது இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது.

அது ஒண்ணு. இன்னொண்ணு, நாளைக்குக் காலையில நான் ஹனூருல புள்ளையத் தாண்டோணும்.

ஆமாங்க. நீங்களும் அந்தப் பக்கந்தான, உங்களுக்கு விளக்கிச் சொல்லோணுமா? கார்டு நம்பர நாந்தான் எவகிட்டயோ சொல்லிட்டேன்னு பேச்சு. எங்க அத்தை, அதான் மாமியாரு பொன்னம்மா, முடிவு பண்ணிட்டாங்க. மாரியம்மன் கோயில்ல இவளத் தரையில படுக்கப் போட்டு, கற்பூரத்தப் பத்த வச்சு, இதுல எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லித் தாண்டோணுமாம், பொய்யின்னா புள்ளைக்கு ஆகாதாம். கார்டு வந்தது சைபர் காலத்துல, விசாரணை மட்டும் கற்பூரத்துல.

தாண்டிட்டு வந்துட வேண்டியதுதானன்னு நீங்க ஈஸியாச் சொல்லிட்டீங்க. தாண்டலாமுங்க. காயிதம் இருந்தா இன்னும் நல்லது. முதல்ல நடந்ததச் சொல்லீர்றேன், எழுதுங்க.

ஆயுத பூஜை அன்னைக்குங்க. கார்டு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு. எங்க ரெண்டு குடும்பத்துலயும் முதல் கிரெடிட் கார்டு. பைக்கக் கழுவி மாலை போட்டம், அவரோட ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வச்சம், என் தையல் மிஷினுக்கும் போனாப் போகுதுன்னு ஒரு பூ. எல்லாத்துக்கும் நடுவுல தாம்பாளத்துல வாழை இலை, இலை மேல இந்தக் கார்டு. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? உங்க ஸ்டேஷன்ல துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கலீங்களா? அதே மாதிரிதான். சம்பாதிக்கற சாமான எல்லாம் கும்புடுவம். இது சம்பாதிக்கற சாமானா செலவு பண்ற சாமானான்னு நான் கேக்கலை. கேட்டா ஏழாவதுன்னு ஆரம்பிச்சுருவாரு.

கார்டுல ஒரு பக்கம் பாங்க்கு பேரும் படமும், இன்னொரு பக்கம் நம்பரு, தேதி, அந்தச் சின்ன மூணு நம்பரு, அவரு பேரு. நான் படம் இருக்கற பக்கத்த மேல வச்சேன். அவரு திருப்பி வச்சாரு. பேரு தெரியோணுமாம். சாமிக்குத் தெரியாதா இது யாரு கார்டுன்னு?

சரின்னு நான் சந்தனத்தக் குழைச்சு அந்த மூணு நம்பரு மேல வச்சேன். தெரியாம வைக்கலீங்க, தெரிஞ்சுதான் வச்சேன். எங்க மகளிர் சங்கத்துக்கு பாங்க்குல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. கார்டு வாங்குனா அந்த மூணு நம்பர யாருக்கும் காட்டாதீங்க, மேல ஸ்டிக்கர் ஒட்டி வைங்கன்னாங்க. பாயில உக்காந்துட்டுக் கேட்டது நல்லா மனசுல நின்னுருச்சு. சந்தனம் வச்சா சாமிக்கும் ஆச்சு, ஸ்டிக்கருக்கும் ஆச்சு.

அவரு துண்டெடுத்துத் தொடைச்சாருங்க. அழுக்குப் பண்ணாதடி, எழுத்து மறையுது. அப்பறம் பூஜைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கணேசண்ணன், மோகனப்ரியாக்கா எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி, இவளுக்கு ரேஷன் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னாரு. எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். சிரிக்காம என்னங்க பண்றது, கையில சந்தனம்.

தொடைச்சு, ஓரத்துல எழுத்து இல்லாத இடமாப் பார்த்து அவரே ஒரு பொட்டு வச்சாரு. போட்டோ எடுத்தாரு. ஸ்டேட்டஸ் வச்சாரு. முதல் கார்டு, முதல் டூரு, நாளைக்குக் கன்னியாகுமரின்னு எழுதி. அவரு ஃபோன்ல ஐநூறு பேரு நம்பரு இருக்குது. மனை விக்கறவன், பழைய பைக் வாங்கறவன், எப்பவோ ஒருக்கா ஆட்டோ ஓட்டுனவன். சாமிய விட நெறையப் பேரு கார்டத் தரிசனம் பண்ணீட்டாங்க.

போட்டோ இருக்குதுங்க. என் ஃபோன்ல வச்சிருக்கறேன். ஸ்டேட்டஸு ஒரே நாள்ல போயிருமல்லங்க. காட்டறேன், இருங்க, சொல்லி முடிச்சுக்கறேன்.

மறுநாள் விடியக்காலையில டெம்போ டிராவலர்ல கெளம்புனம், எங்க லைன்ல நாலு குடும்பம். ஊரெல்லாம் தசராப் பாக்க மைசூருக்கு வருது, நாங்க மைசூர உட்டுட்டுக் கன்னியாகுமரிக்கு. நஞ்சன்கூடு தாண்டறதுக்குள்ள இவரு மைக்கப் புடிச்சுட்டாரு. பாட்டுப் போடச் சொல்லிக் குழந்தைங்க அழுகுதுங்க, இவரு, வெளியூரு போனா கார்ட எப்படிக் காப்பாத்தறதுன்னு பாடம். ஹோட்டல்ல கார்டத் தூக்கிட்டு உள்ள போக விடாதீங்க, மிஷின உங்ககிட்டக் கொண்டாரச் சொல்லுங்க. பின் நம்பர் போடறப்ப கையால மறைங்க. பஸ் ஸ்டாண்டு ஓசி வைஃபைல பாங்க்கு வேலை பாக்காதீங்க. எல்லாம் சரியான பேச்சுத்தானுங்க, ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. ஊருக்குப் போறத முன்கூட்டி யாருக்குஞ் சொல்லாதீங்கன்னு ஒண்ணு சொன்னாரு பாருங்க, அப்பத்தான் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மதுரையில ஏடிஎம்முல கார்டு சொருகற வாயத் திருடன் மாத்தி வச்சிருப்பான்னு புடிச்சு ஆட்டுனாரு. காவலுக்கு இருந்த பெரியவரு ஓடியாந்து, நீதான் திருடனாடான்னு கேட்டாரு. கார்டு எங்க இருந்துச்சுன்னு கேக்காதீங்க. ஃபாயிலுக்கு வெளிய பிளாஸ்டிக் கவரு, அதுக்கு வெளிய கர்சீப்பு, அதுக்கு வெளிய பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டு. ஒவ்வொரு கடையிலயும் பணங் குடுக்க அவரு தூணுக்குப் பின்னால போயிட்டு வருவாரு.

அதுலயும் ரெண்டு வேலை பண்ணீட்டாருங்க, இத நல்லா எழுதிக்கோங்க. கார்டு வெளிநாட்டுல செல்லோணுமா வேண்டாமான்னு ஃபோன்ல ஒரு ஸ்விட்சு இருக்குதாம். கார்டு வந்தப்ப அது அணைஞ்சுதான் இருந்துச்சாம். வழியில எங்கியும் மாட்டிக்கக் கூடாதுன்னு கெளம்பறப்பவே இருந்த ஸ்விட்ச எல்லாம் போட்டு உட்டுட்டாரு. கன்னியாகுமரிக்கு அப்பறம் கடல்தான்னு அவருகிட்ட யாருஞ் சொல்லலை போல. ரெண்டாவது, ஓடிபி கேட்டு எவனாவது கூப்புட்டா ஏமாந்துருவமாம். அதுக்காக ஃபோனையே அணைச்சுப் பையில போட்டுட்டாரு. திருடன் வந்தாக் கத்தறதுக்கு இருந்த ஒரே ஆளு அந்த ஃபோனுதான், அது வாயிலயும் துணிய வச்சு அடைச்சாச்சு.

கன்னியாகுமரி லாட்ஜுல ரூமுக்குக் கார்ட நீட்டுனா ஏறலை. ரெண்டு தடவ தேச்சாங்க, ஏறலை. ஃபோனப் போட்டாரு. டிங்கு டிங்குன்னு பதினோரு மெசேஜு. என்னென்னமோ வெளிநாட்டுக் கடையில முந்தாநாள் மத்தியானத்துல இருந்து சாமான் வாங்கியிருக்குது கார்டு. எங்களுக்கு முந்தி அதுதான் டூரு போயிட்டு வந்திருக்குது. வெளிநாட்டுக் கடைக்கு ஓடிபியும் வேண்டாமாம், கார்டுல இருக்கற நம்பருங்க போதுமாம். மோகனப்ரியாக்காதான் பாங்க்குக்கு ஃபோன் போட்டுக் கார்ட நிறுத்துனாங்க.

அப்ப எங்கூட்டுக்காரரு என்ன பண்ணுனாருங்கறீங்களா? நின்னாரு. நாலு குடும்பமும் அவரு மூஞ்சியவே பாக்குது. மைக்குப் புடிச்ச மூஞ்சி. என் பக்கம் திரும்புனாரு. மதுரையில பாத்ரூம் வாசல்ல எவளோ ஒருத்திகிட்டப் பேசிட்டு இருந்தியே, என்னடி சொன்னே? அவ்வளவுதான். எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

நான் அந்தம்மாகிட்டப் பேசுனது, பால் கலக்கச் சுடுதண்ணி எங்கங்க கெடைக்கும்னு. வாழ்க்கையில முதல் தடவையா வெளியாளுகிட்ட நானா ஒரு வார்த்தை பேசுனேன், அதுக்கு நாப்பத்தெட்டாயிரம்.

இவளத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டேன். அவரும் வேணும்னு சொல்லலை, வாயில வந்துருச்சு, வந்தத முழுங்க முடியலை. வண்டி மைசூரு வர்றதுக்குள்ள ஹனூருல எல்லாத்துக்கும் தெரிஞ்சு, புள்ளையத் தாண்டறதுக்கு நாளும் குறிச்சாச்சு. அவருக்குக் காரணந் தெரியுமுங்க. மூணு நாளாச் சோறு சரியாத் திங்கலை. அந்தக் கார்டச் சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தாரு, அங்கிருந்துதான் எடுத்தாந்தேன்.

இந்தாங்க ஃபோனு. இதுதான் போட்டோ. வாழை இலை, மாலை, கார்டு. ஓரத்துல இருக்கறது அவரு வச்ச பொட்டு. இந்தா, இந்த இடத்துலதான் நான் சந்தனம் வச்சேன். தொடைச்ச ஈரங்கூடத் தெரியுது பாருங்க.

என்னங்க? எப்ப எடுத்ததுன்னா?

தேதி மேலயே இருக்குதுங்களா.

ஆமாங்க. பூஜை அன்னைக்குத்தான். சாயங்காலம் ஆறு நாப்பது. முதல் மெசேஜு மறுநாள் மத்தியானம். நீங்க போடற கணக்குச் சரிதானுங்க.

அன்னைக்கே ஸ்டேட்டஸப் பார்த்தேன். ரெண்டு வெரல வச்சு இழுத்துப் பெருசு பண்ணிப் பார்த்தேன். மூணு நம்பரும் தெரிஞ்சுது, எனக்கே படிக்க வந்துச்சு. அவரு பக்கத்துலதான் பொரி தின்னுட்டு உக்காந்திருந்தாரு. கைய நீட்டுனாத் தொட்டறலாம். ஏங்க, இத எடுத்துருங்கன்னா முடிஞ்சுது. என்னைய ரேஷன் கார்டுன்னு சொன்னாரல்ல, படட்டும்னு நெனச்சேன். அந்த ஸ்டேட்டஸ அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன், என்னைக்காவது காட்டறதுக்கு. அப்பறம் போயி இவளுக்குச் சோறு ஊட்டுனேன். படட்டும்னுதான் நெனச்சேன், இவ்வளவு படும்னு நெனக்கலீங்க.

யாருகிட்டயும் நம்பரச் சொல்லலைன்னு கேட்டா இவள நூறு தடவ தாண்டுவேன். அத்தை கேக்கற வார்த்தை அதில்லையே. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லித் தாண்டோணும். ஒண்ணே ஒண்ணு தெரியுமல்லங்க.

தேதிய வெட்டிட்டுப் போட்டோவக் காயிதத்துல ஒட்டலாமுங்கறீங்களா? நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும், மணியும் வரட்டும். அவரு பண்ணுனதும் அதுலதான் இருக்குது, நான் பண்ணுனதும் அதுலதான் இருக்குது. கோயில்ல போயி நின்னா எனக்கு வாய் வராது. காயிதத்த நீட்டுனா அவங்களே படிச்சுக்குவாங்க.

கையெழுத்து இங்கயா? ஜோதிமணின்னு தமிழ்ல போட்டாப் போதுங்களா? ரெண்டு காப்பி குடுங்கக்கா, அக்கான்னே கூப்புட்டுக்கறேன். ஒண்ணு பாங்க்குக்கு, ஒண்ணு ஹனூருக்கு. அப்பறம் அந்த ஃபாயிலக் கசக்கிப் போட்டுறாதீங்க. நாளைக்குப் பஸ்ஸுல இவளுக்குச் சப்பாத்தி கட்டோணும்.