காலின் ஏறாத கப்பல்கள்

பிஸ்கட் வேண்டாம் மேடம், டீ போதும். நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். காலின் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. ஃபெர்ரியில் எதிர்க்கரைக்குப் போனால் பாம்பூஃப்ளாட், அங்கே என் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறார். விசா முடிந்து பன்னிரண்டு நாளாகிறது என்பது அவருக்குத் தெரியாது. தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

என் பெயர் சிவபிரகாஷ். ஜெட்டி அருகே கப்பல் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காலின் இங்கிலாந்தில் நான்காவது, ஐந்தாவது டிவிஷன்களில் ஃபுட்பால் ஃபார்வர்டாக ஆடியவர். பதினான்கு வருடம், ஒன்பது கிளப், நாற்பத்தொரு கோல். தன் டீம் வலைக்குள்ளேயே போட்ட மூன்றையும் சேர்த்து. சென்னைக்கு விமானத்தில் வந்ததிலேயே பயந்துபோனவர், மறுபடி கடல் மேல் பறக்க மனமில்லாமல் அங்கிருந்து கப்பலில் இந்தத் தீவைச் சுற்றிப்பார்க்க வந்தார். ஆறாவது டிவிஷன் கிளப் ஒன்று, ஜூலை கடைசிக்குள் வந்தால் ஒரு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது. முப்பத்தாறு வயதில் அதுதான் கடைசி வாய்ப்பு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் கப்பல் உண்மையிலேயே கேன்சல். புயல் சின்னம். அதை என்மேல் எழுதாதீர்கள்.

சும்மா இருக்கிறாரே என்று எங்கள் ஊர் டீமில் ஆடவைத்தோம். அவர் கோல் போடவில்லை. ஆனால் இங்கிலாந்து ஃபார்வர்டு என்றதும் எதிர் டீம் நான்கு பேரை அவர்மேல் விட்டது. தடுக்க ஆளில்லாமல் நின்ற எங்கள் டெர்வின் இரண்டு கோல் போட்டான்.

எங்கள் செக்ரட்டரி சிலுவைராஜ் அண்ணன் தூத்துக்குடிக்காரர், போட் இன்ஜின் மெக்கானிக். அன்று என் தோளில் கைபோட்டார்.

"ஏல சிவா, இவன் பந்தத் தொடவே வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

"அவருக்கு அடுத்த வாரம் கப்பல் இருக்குண்ணே."

"டிக்கெட் யாரு போடுதா? நீதானல? பின்ன என்ன டென்ஷன்? சோட் தே, விட்டுத்தள்ளுல."

பத்துபஸ்தி டீமிடம் ஒன்பது வருடமாக ஃபைனலில் தோற்கிறோம் மேடம். அதையும் நீங்கள் பார்க்கவேண்டும்.

அடுத்த கப்பலும் கேன்சல் என்றேன். காலின் ஃபெர்ரியில் விசாரித்தார், டீக்கடையில் விசாரித்தார். எல்லோரும் "ஷிப் கா கியா பரோசா", கப்பலை நம்பமுடியுமா என்றார்கள். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கப்பல் கேன்சல் என்றால் இங்கே யார் ஏன் என்று கேட்கிறார்கள்?

அந்தக் கப்பல் கிளம்பியபோது நானும் காலினும் மொட்டைமாடியில் நின்றோம்.

"அது எங்கே போகிறது?"

"கட்சால் தீவுக்கு. ரப்பர் ஏற்ற."

"மேல்தளம் முழுக்க ஆட்களாக இருக்கிறதே?"

"ரப்பர் வெட்ட ஆள் வேண்டாமா சார்?"

இத்தனை பேருக்கு வேலை கொடுக்கும் அரசாங்கத்தைப் பாராட்டினார்.

மூன்றாவது கப்பலும் கேன்சல் என்றபோது அவர் பையில் துணி கூட அடுக்கியிருக்கவில்லை. ஒரு வாரம் பொறுக்கும்படி கிளப்புக்கு எழுதச் சொன்னார். அவர் போன் ஃபெர்ரியிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. அதில் எனக்குச் சம்பந்தமில்லை. என் போனிலிருந்து எழுதினேன். ஒரு வாரம் என்று எழுதவில்லை. ஓய்வு பெறுகிறேன் என்று எழுதினேன். நல்ல கடிதம் மேடம். லைப்ரரியில் இருக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் வருவதுபோல மழை, காலி மைதானம், கழற்றி வைத்த பூட்ஸ் எல்லாம் அதில் வந்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கிளப்பும் மரியாதையாகப் பதில் போட்டது. அந்த இடத்துக்கு இருபது வயதில் ஒருவனை எடுத்துவிட்டார்களாம். காத்திருப்பதாகச் சொன்னார்கள் என்று காலினிடம் சொன்னேன். அந்தக் கிளப்புக்காகத் தினமும் காலையில் ஜெட்டி ரோட்டில் ஓடுகிறார். உடம்பு நன்றாக இறங்கியிருக்கிறது.

கெடுதல் என்று இதைச் சொல்லமுடியாது. வாழ்நாளில் தன்னை நான்கு பேர் சேர்ந்து தடுத்தது இங்கேதான் என்று அவரே சந்தோஷப்பட்டார்.

இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் உறுதிசெய்ய வந்திருக்கிறோம் என்று நினைக்கிறார். நாளை மூன்று மணிக்குச் சென்னைக் கப்பல். பத்துபஸ்தியுடன் ஃபைனலும் மூன்று மணிக்குத்தான். நான்காவது முறையாக என் வாயால் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் யூனிஃபார்மில் இருக்கிறீர்கள். கதவைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, நாளைக்கும் கப்பல் கேன்சல் என்று சொல்லிவிடுகிறீர்களா மேடம்?