தறிக்குழியில் ஆமைக்குட்டிகள்

— மெதுவாத் தட்டுங்க. புருஷன் இல்லாத வீட்டுல சுத்தியல் சத்தம் எப்படி வருதுன்னு அடுத்த வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?

— அட விடு நாகு. ஆமைக்குக் கூண்டு அடிக்கிறேன்னு சொல்லு.

— நானா? ஆணி பிடிக்கத் தெரியாதவ நான். ராஜாராம் உள்ளதான் இருக்கான்னு பத்துப் பேரு வந்து நிப்பாங்க.

— யாரு வர்றா? ஆமை வளக்கிற வீடுன்னு தெருவே இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல.

— அதுக்குத்தானே கார்த்திகையில பரவைச் சந்தைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். உங்களைத் தேடி வந்த போலீஸ்காரன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். கூடத்துல குட்டி நடந்து வந்துச்சா, வாசப்படியில வச்ச காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான். வீட்டுக்குள்ள ஆமையா, வெளங்குமாம்மான்னு சொல்லிட்டுப் போனவன், திரும்பி வரலை.

— போலீஸு பயந்துச்சு, சரி. பெருச்சாளி பயப்படலையே. ராத்திரி கூடைக்குள்ள பூந்து குட்டி காலைக் கடிச்சு வச்சிருக்கு பாரு.

— அதான் குழிக்குள்ள விடுவோம்னேன். வெள்ளைக்காரன் சண்டை வந்ததுல இருந்து நூலு இல்லாம தறி சும்மாதானே கிடக்கு. நீங்க காலைத் தொங்கப்போட்டு நெய்ஞ்ச குழி, இதுக ரெண்டுக்கும் அரமணை மாதிரி.

— மணலு பத்தாது, இன்னொரு கூடை போடு. கேளு, அந்த மூலை மட்டும் ஈரமா இருக்கட்டும், இந்தப் பக்கம் காஞ்சு கிடக்கட்டும். உடைஞ்ச சட்டியைப் படுக்கப்போடு, உள்ள போயி ஒளிஞ்சுக்கும். தண்ணிக்குத் தட்டையான மண்தட்டு போதும். ஆழமா வச்சா கவுந்து விழுந்து செத்துப்போகும்.

— வெயிலு வேணாமா?

— கண்ணாடி ஓடு வழியா காலையில இந்த ஓரத்துல விழும். கொஞ்சம் கொஞ்சமா நகந்து அந்தச் சுவத்துக்குப் போகும். பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்ல, எனக்கு வேற என்ன வேலை?

— மேல மூடி?

— தறி மூங்கிலைப் பிளந்து வரிசையா அடிக்கிறேன். காத்துப் போகும், பெருச்சாளி நுழையாது.

— ஏங்க, மூலையில பாருங்க! ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது.

— அதான் மூலைக்கு மூலை மண்ணைக் குழைச்சு வளைவாப் பூசப்போறேன். மூலை கிடைச்சாத்தான் ஏறும். நேத்து கூடையைச் சுத்திக் கம்பி வலை வச்சுப் பாத்தேன். வெளிய தெரியுதுல்ல, முட்டிக்கிட்டே கிடந்து மூக்கைப் புண்ணாக்கிருச்சு. பலகையை வச்சு மறைச்சேன், அடங்கிருச்சு.

— பாவம்.

— யாரைச் சொல்ற? என்னையா, ஆமையையா?

— அப்படியெல்லாம் பேசாதீங்க.

— ஆவணியில இந்த ரூமுக்குள்ள வந்தவன் நாகு. பங்குனி வெயிலு கொளுத்துது. வைகையில தண்ணி வந்துச்சா, வத்துச்சா, ஒண்ணும் தெரியாது. முடியலை. வெள்ளிக்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போறேன். சுயராஜ்யப் போராட்டத்துல வாடிப்பட்டி ரோட்டுல தந்திக்கம்பியை அறுத்தவன் நான்தான்னு போயி நிக்கிறேன்.

— நிப்பீங்க. உங்ககூடக் கம்பி அறுத்த வெங்கடரமணன் காலை ஸ்டேஷன்ல என்ன பண்ணுனாங்கன்னு தெரியும்ல?

— அவனைப் பிடிச்சப்ப நான் சுவரேறிக் குதிச்சு ஓடுனேன். அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?

— ஓடுனதாலதான் முழுசா இருக்கீங்க. கூண்டு முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

— இதையேதான் சொல்ற. நான் போறேன்னு சொல்லும்போதெல்லாம் ஒரு வேலையை எடுத்து நீட்டுற. முதல்ல பழைய நூலைச் சிக்கெடுக்கச் சொன்ன. அப்புறம் அலமாரிக் கதவு. இப்ப ஆமை.

— எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலைங்க. நீங்க போனா நான் உசுரோட இருக்க மாட்டேன்.

— தாயி! நாகமணி தாயி! கீரை கொண்டாந்திருக்கேன்!

— ஐயையோ, கீரைக்கார முருகம்மா. நான் வெளிய போனதும் தாழ்ப்பாள் போட்டுக்குங்க. மூச்சுக் காட்டாதீங்க. இந்தா வாரேன் முருகம்மா!

— கொல்லை வாசல்லயே நிக்கிறேன் தாயி, உள்ள கூப்பிடாத. அந்தச் சனியனுக இன்னும் கெடக்கா?

— கிடக்கு. முருங்கையில ரெண்டு கட்டு கூட வை.

— ஆத்தாடி, ஒத்தப் பொம்பளைக்கு இம்புட்டுக் கீரையா? எல்லாம் அதுகளுக்கா? கொண்டுபோயி கம்மாக்கரையில விட்டுரு தாயி. அதுக வந்து பூந்ததுலதான் உன் வீட்டுக்காரரு வீடு திரும்பாமக் கெடக்காரு.

— மெதுவாப் பேசேன்.

— என்னத்த மெதுவாப் பேச? சாட்சி நிக்கலைன்னு தந்திக்கம்பிக் கேஸைத் தள்ளி, தையிலேயே அம்புட்டுப் பேரையும் விட்டாக. யாரையும் தேடலைன்னு அன்னைக்கே ஓடியாந்து இதே வாசல்ல உங்கிட்டச் சொன்னேன்ல? எல்லா வீட்டு ஆம்பளையும் வந்துட்டாக. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் தாக்கல் சேதி எதுவும் போகலையா?

— போகலை.

— வெங்கடரமணய்யா கம்பை ஊண்டிக்கிட்டு வந்து உன் முன்வாசல்ல நின்னாராமே. பரமக்குடிப் பக்கம் போயிட்டாருன்னு சொல்லி அனுப்பிட்டியாமே. அங்க ஆள விட்டுச் சொல்லு தாயி. இன்னும் எதுக்குப் பயந்து ஒளியணும் மனுசன்?

— சொல்றேன். நீ போயிட்டு வா.

— வாரேன் தாயி. ஆமையைக் கம்மாயில விட்டுரு.

— ஏங்க… கதவைத் திறங்க. அவ போயிட்டா. எல்லாம் கேட்டிருக்கும் உங்களுக்கு. திறங்க, முகத்தைப் பாத்துச் சொல்லிர்றேன். எனக்குத் தையிலேயே தெரியும். சொன்னா அன்னைக்கே கிளம்பி இன்னொரு கம்பியை அறுக்கப் போயிருவீங்கன்னு பயந்தேன். கல்யாணமாகி இந்தச் சில மாசம்தாங்க நீங்க வீட்டுல இருந்தீங்க. அந்த ஆசையில இன்னும் தேடுறாங்கன்னு பொய்யாச் சொல்லிட்டேன். வெங்கடரமணன் வந்தப்பக்கூட, நல்லவேளை நீங்க அசந்து தூங்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சு அனுப்பிட்டேன். என்ன வேணா திட்டுங்க. உங்களை அடைச்சு வச்ச பாவி நான்தான்.

— நாகு.

— வேணாங்க, இனிமே ஒரு நாளும் ஒளிய வேணாம். முன்வாசக் கதவை அகலத் திறந்து வச்சிட்டேன். தெருவே பாக்கட்டும். வாங்க, வெங்கடரமணன் வீட்டு வரைக்கும் நானும் கூட வாரேன்.

— முன்வாசலைச் சாத்து.

— ஏங்க? இனி என்ன பயம்?

— அவன் வாசல்ல நின்னு, ராஜாராம், ராஜாராம்னு கூப்பிட்டான்ல. நான் தூங்கலை நாகு. எல்லாரையும் விட்டுட்டாங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. எங்க நீ இந்தக் கதவைத் திறந்துருவியோன்னு தாழ்ப்பாளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.